பத்தியத்தில் இருந்த பண்டாரி

உமர் பாரூக் பாயைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் முதலில் கேட்பது, "கை சரியாயிடுச்சா?" என்பதுதான். ஆகவில்லை. அடங்குகிறது, குறைகிறது, பனிக்காலம் வந்தால் மறுபடி எட்டிப் பார்க்கிறது. அது அவருக்கும் அவர் தோலுக்கும் உள்ள வழக்கு. அதில் ஊரே நாட்டாமை செய்ய வந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என் கல்யாணத்தில் நடந்தது என்பதால் அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பாய் பழவேற்காட்டுக்காரர். இறாலும் கருவாடும் மொத்தமாக வாங்கிச் சென்னைக்கு ஏற்றும் வியாபாரக் குடும்பம். மூத்த பிள்ளை கல்லாவில் உட்காருவான் என்று அவருடைய வாப்பா நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையோ கல்யாண வீடுகளில் வெங்காயம் உரிக்கப் போய்விட்டான். பெரிய தேக்சாவில் பிரியாணி போடும் சமையல்காரரை எங்கள் பக்கம் பண்டாரி என்போம். பண்டாரியானால்தான் ஆச்சு என்று அடம்பிடித்து, வாப்பாவோடு சண்டை போட்டு, மனைவி சைதாவை அழைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தவர் பாய். சிப்காட்டில் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த நேரம். ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவனுக்குப் பசி கண்ணை மறைக்கும். கம்பெனி கேட்டுக்கு எதிரே கீற்றுக் கொட்டகை போட்டு வெள்ளியும் ஞாயிறும் பிரியாணி போட்டார். மற்ற நாள் கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை என்று எந்த மதத்து விசேஷம் என்றாலும் அவர்தான்.

என் அப்பா ஜெயராஜ் ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்தார். அப்பாவும் பாயும் அந்தக் கொட்டகையில்தான் சிநேகமானார்கள். நான் பாயை மாமா என்று கூப்பிட்டே வளர்ந்தேன். அவருக்கு வாய் நீளம். பிரியாணியில் கறி குறைவு என்று எவனாவது முனகினால், "கண்ண தொறந்து தேடு நைனா, கறி உன்ன தேடிக்கினு வராது" என்பார். அந்த வாய்க்காகவே சாப்பிட வந்தவர்கள் உண்டு.

படை முதலில் முழங்கையில் வந்தது. வெள்ளையாகச் செதில் செதிலாக உதிர்ந்தது. அடுப்புச் சூடு என்றார்கள். அப்புறம் முன்கை, புறங்கை என்று இறங்கியது. சைதா மாமி முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தார். பாய் அதைப் போடவே இல்லை.

"அடுப்பாண்ட முழுக்கை போட்டா நெருப்பு பிடிச்சுக்கும். பாக்க புடிக்காதவன் என் மூஞ்ச பாத்து பேசட்டும்" என்றார். பார்சல் வாங்க வருகிறவர்கள் குறைந்தார்கள். அவர் சட்டையின் கை மட்டும் குறையாமலும் நீளாமலும் அப்படியே இருந்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தோல் டாக்டர் ஒருவரின் களிம்பு மந்திரம் போல வேலை செய்தது, நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பியது. பிறகு ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லை தாண்டி ஒரு ஆள். சிவப்புச் செந்தூரத்தைப் பொட்டலம் கட்டி, தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னான். கொஞ்ச நாளில் பாயின் ஈறு வீங்கி, எச்சில் தானாக வழிந்து, பல் ஆட ஆரம்பித்தது. பாய் பஸ் ஏறிப் போய், மிச்சப் பொட்டலங்களை அவன் மேசையில் கொட்டினார். இதில் என்ன சேர்க்கிறாய் என்று கேட்டார். குரு ரகசியம் என்றான் அவன்.

"என் பிரியாணில இன்னா போடுறேன்னு சின்ன புள்ள கேட்டாலும் சொல்லுவேன். நீ உள்ளாற தள்ற சரக்க சொல்ல மாட்டேன்ற. அப்போ அது மருந்தில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவனிடம் போய்க்கொண்டிருந்த வேறு சிலரையும் தடுத்து நிறுத்தினார். நல்ல காரியம் செய்தார் என்றுதான் சொல்வேன்.

அடுத்த வைத்தியர் என் அப்பாதான். அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. படைக்குக் கந்தகம் நல்லது என்று யாரோ சொல்ல, அப்பாவுக்குக் கண் பளிச்சென்றது. ரப்பரை இறுகச் செய்ய அவர்கள் கம்பெனியில் கந்தகத்தூள்தான் கலப்பார்கள், மூட்டை மூட்டையாகக் கிடக்கும். சித்த மருந்துக் கடையில் அணுவளவு தருகிற சாமானை நாம் ஏன் அள்ளிப் போடக் கூடாது என்பது அவர் கணக்கு. டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, தேங்காய் எண்ணெயில் கெட்டியாகக் குழைத்து, சிநேகிதனின் கையில் தானே பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டியும் விட்டார். காலையில் அவிழ்த்தபோது புறங்கை வெந்திருந்தது. அதுவரை சுத்தமாக இருந்த உள்ளங்கையும் கொப்பளித்திருந்தது. கொப்பளம் ஆறிய இடத்திலெல்லாம் படை வந்து குடியேறியது. இந்த நோய்க்கு அது ஒரு குணமாம். காயம் பட்ட இடத்தைத் தேடிப் போய் உட்காரும். பாய் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எல்லோரிடமும் நீளும் அந்த வாய் அப்பாவிடம் மட்டும் நீளாது.

கடைசியாக அரசு ஆஸ்பத்திரியின் சித்தப் பிரிவுக்குப் போனார். டாக்டர் பெயர் செல்வி. துணைக்குப் போன நானும் கூடவே நின்றேன். கம்பெனிக் கந்தகத்தைப் பூசிய கதையைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

"கந்தகம் மருந்துதான். ஆனா சுத்தி பண்ணாம தொடக்கூடாது. நெய்யில உருக்கி, பாலில ஊத்தி, கழுவி, மறுபடி உருக்கி, மறுபடி ஊத்தணும். அதுல இருக்கற நஞ்சு போனப்புறம்தான் அத பற்பமா முடிப்பாங்க. இதுக்கெல்லாம் கணக்கு இருக்கு" என்றார்.

பாய் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ இது சமையல்தான்னு சொல்லுங்க."

"ஆமா. ஆனா உங்க அடுப்புல செய்யாதீங்க."

காளாஞ்சகப்படை என்று நோய்க்குப் பெயர் சொன்னார். யாருக்கும் ஒட்டாது, தொட்டாலும் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது என்றார். முழுக்கப் போய்விடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், அடக்கலாம் என்றும் சொன்னார். ரத்தப் பரிசோதனை எழுதி, அது சரியாக இருந்த பிறகுதான் கந்தக பற்பம் கொடுத்தார். மேலே பூச வெட்பாலைத் தைலம். அப்புறம் வந்தது பத்தியம். ஒரு மண்டலம் உப்பு கூடாது, புளி கூடாது, மீன், கறி, கத்தரிக்காய் எதுவும் கூடாது. நடுவில் ஒரு வாய் மீறினாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பழவேற்காட்டில் பிறந்தவனுக்கு மீன் கூடாது, பண்டாரிக்கு உப்பு கூடாது. இதற்கு மேல் ஒரு மனிதனைச் சோதிக்க முடியுமா? பாய் உப்பில்லாத சோற்றில் பாலை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, எதிரே தேக்சாவில் மட்டனைக் கிளறினார். மருந்து கேட்டது. முழங்கையில் செதில் உதிர்வது நின்றது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சைதா மாமி படுக்கையை விரிக்கும்போது செதிலை உதறாமல் விரித்தார். உள்ளங்கை மட்டும் இன்னும் வெடித்துத்தான் கிடந்தது.

அந்த மண்டலத்துக்கு நடுவில்தான் என் கல்யாணம் வந்தது, 2006 தை மாதம். மாப்பிள்ளை சாலமோன், சோழவரத்துக்காரர். அவருடைய தாய்மாமன் குப்புராஜ், தான் இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது என்று நினைக்கிற ரகம். அவர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"அந்த பாய் கைய நான் பாத்தேன். அந்தக் கையால ஆக்குன சோத்த எங்க ஜனம் துண்ணாது. வேற ஆள வைங்க. இல்லன்னா நாங்க வெளிய ஓட்டல்ல பாத்துக்கறோம்."

மாப்பிள்ளை வீட்டார் ஒரு பண்டாரியின் சோற்றை ஒதுக்கிவிட்டுப் போனால் அந்தச் சேதி பஸ்ஸுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விடும். அதற்கப்புறம் பாய் தேக்சாவைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டியதுதான். இது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் பெண்ணைப் பெற்றவர் அல்லவா. கொட்டகைக்குப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நானும் போனேன்.

"மேஸ்திரியா மட்டும் நின்னுக்கங்க பாய். வேற ஆள் போடட்டும். உப்பு கூட நீங்க பாக்க முடியாதே" என்றார் அப்பா.

"ரமலான் மாசம் பூரா நோன்பு வெச்சுக்கினு மசூதில கஞ்சி காய்ச்சுறது யாரு? நாக்குல ஒரு சொட்டு படாம காய்ச்சுறேன். உப்பு இல்லன்னு எவனாவது சொல்லியிருக்கானா?"

"அப்போ கிளவுஸாவது மாட்டிக்கங்க."

பாய் தன் வலது கையை விரித்துக் காட்டினார். கோடை ஏரி மாதிரி வெடித்திருந்தது. "ஒரு படி அரிசிக்கு இந்தக் கையால ஒரு பிடி உப்பு. இதான் என் அளவு ஜெயராஜு. கிளவுஸ் மாட்டுனா பிடி மாறிடும். நாக்கும் இல்ல, கையும் இல்லன்னா நான் எதுக்கு அங்க? வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கவா? நான் கைய கழுவிக்கினு, சுத்தமா நின்னு சமைப்பேன். வோணாம்னா சொல்லிடு, கோச்சுக்க மாட்டேன். ஒளிஞ்சுக்கினு மட்டும் சமைக்க மாட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "மாமாதான் சமைப்பாரு" என்றேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான். கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்றுகூட அப்போது தோன்றியது.

கல்யாணத்தன்று விடிந்ததும், சர்ச்சுக்குப் புறப்படும் முன், மண்டபத்தின் பின்கட்டுக்குப் போனேன். பட்டுப்புடவையை அடுப்புப் பக்கம் கொண்டுவராதே என்று சைதா மாமி விரட்டினார். பாய் வெந்நீரில் முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு கல்லுப்பு மூட்டைக்குள் கையை விட்டார். வெடித்த கையில் கல்லுப்பு. அவர் கண்ணில் நீர் முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி, பிடியை எடுத்துத் தேக்சாவில் போட்டார். மறுபடி விட்டார், மறுபடி போட்டார். விரல்கள் முழுக்க மடங்கவில்லை. ஒவ்வொரு பிடியும் போடும்போது சைதா மாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மைபூசிய கண் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

தாலி கட்டி, சர்ச்சிலிருந்து மண்டபத்துக்கு வந்தோம். முதல் பந்தியில் இலை போட்டு மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்திலேயே தேக்சாவைக் கொண்டுவந்து தம் உடைத்தார்கள். மூடியைத் தூக்கியதும் எழுந்த வாசனை மண்டபம் முழுக்கப் பரவியது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தம் உடைத்ததும் முதல் கவளம் பண்டாரி சாப்பிட்டுத் தலையாட்ட வேண்டும், அப்புறம்தான் பந்திக்குப் பரிமாறுவார்கள். குப்புராஜ் அதைப் பிடித்துக்கொண்டார். உட்காராமல் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"பாய், வழக்கப்படி மொதல்ல நீங்க சாப்டுங்க. அப்பால நாங்க சாப்புடுறோம்."

"நான் பத்தியத்துல இருக்கேன். உப்பு, கறி ரெண்டும் ஆகாது."

"ஆக்குனவரே துண்ண மாட்டேன்றாரு. கேட்டுக்கங்கப்பா" என்று குப்புராஜ் பந்தியைப் பார்த்துச் சொன்னார். இலைக்கு முன்னால் இருந்த கைகள் எல்லாம் மடிக்குப் போய்விட்டன. ஒன்றிரண்டு பேர் எழுந்தே விட்டார்கள்.

அப்பா ஓடிப்போய்ப் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு வாய் பாய். என் பொண்ணுக்காக. மருந்த நாளைக்கு மொதல்லேந்து ஆரம்பிச்சுக்கலாம்."

பாய் அப்பாவைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "நீ குடுத்த கந்தகத்த வாயத் தொறக்காம பூசிக்கினேன் ஜெயராஜு. அது சிநேகம். இத செய்ய மாட்டேன். நான் ஒட்டுவாரொட்டி இல்லன்னு நிரூபிக்க என் மருந்த ஏன் முறிச்சுக்கணும்? அப்டி ஒருத்தன் நம்பணும்னா அவன் நம்பவே வோணாம்."

எல்லோரும் பாயைப் பிடிவாதக்காரர் என்றார்கள். நல்ல நாளும் அதுவுமாக ஒரு வாய் தின்றால் என்ன குறைந்துவிடும் என்று எங்கள் சொந்தமே முணுமுணுத்தது. இப்படிச் சொல்கிறவர்களுக்குத் தன் நாக்கைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் இருக்கத் தெரியாது. அடுத்தவன் பத்தியம் என்றால் மட்டும் அவர்களுக்கு விளையாட்டு.

என் அம்மா ரோசம்மாள் பந்தி ஓரமாக நின்றிருந்தார். அம்மா சிறுவயதில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாதவர் அன்று குப்புராஜின் முன்னால் வந்தார்.

"அண்ணா, நான் நடவுக்குப் போன காலத்துல கஞ்சி ஊத்துவாங்க. ஏனம் தர மாட்டாங்க. கைய குவிச்சுக்கினு கீழ உக்காரணும், மேலேந்து ஊத்துவாங்க. அவங்க கை எங்க மேல பட்றக் கூடாதாம். உங்க அம்மாவும் அப்டித்தான் குட்ச்சிருப்பாங்க, கேட்டுப் பாருங்க. நம்ம கைய பாத்து மூஞ்ச சுளிச்சவங்கள இன்னும் நான் மன்னிக்கல. நீங்க அதே மூஞ்சோட என் பொண்ணு கல்யாணத்துல நிக்காதீங்க."

குப்புராஜின் முகம் கறுத்தது. ஆனால் நகரவில்லை. அப்போதுதான் நான் மேடையிலிருந்து இறங்கினேன். மாலை கனத்தது, புடவை தடுக்கியது. ஓர் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு பாய் முன்னால் நின்றேன்.

"மொத கவளம் நான் துண்றேன். கரண்டி வோணாம் மாமா. கையால வைங்க."

எவனுக்கும் அஞ்சாத மனிதர் அந்த இடத்தில் தயங்கினார். சைதா மாமி ஏதோ மெல்லச் சொன்னார். பாய் கையை மறுபடி கழுவி, ஒரு பிடிச் சோற்றை எடுத்து என் இலையில் வைத்தார். நான் நின்றபடியே சாப்பிட்டேன். மண்டபம் முழுக்க என் வாயைப் பார்த்தது.

"உப்பு எப்டிம்மா கீது?" என்றார் பாய், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் கம்மி மாமா" என்று உரக்கவே சொன்னேன்.

அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். பாயின் முகத்தில் வேதனை தெரிந்தது, வெடிப்பில் உப்பு பட்டபோது இருந்ததைவிட அதிகமாகவே தெரிந்தது. பிறகு நிமிர்ந்து குப்புராஜைப் பார்த்தார்.

"கேட்டியா நைனா, உப்பு கம்மியாம். என் கொற அதுதான். கொற சொல்றதுன்னா அத சொல்லு, ஒத்துக்கறேன். தோல பத்தி பேசாத."

சொன்னதோடு நிற்கவில்லை. தூளுப்பை ஒரு கிண்ணத்தில் கொட்டி இடது கையில் ஏந்திக்கொண்டார். பசங்கள் பிரியாணியைப் பரிமாறிக்கொண்டு முன்னால் போக, இவர் பின்னாலேயே போய் ஒவ்வொரு இலையிலும் ஓரமாக உப்பு வைக்க ஆரம்பித்தார். ஸ்பூன் இல்லை. வெறும் விரல். அரைக்கைச் சட்டை. வேண்டாதவன் இலையை இழுத்துக்கொள்ளட்டும் என்று ஒவ்வோர் இலைக்கும் முன்னால் ஒரு கணம் நின்றார்.

என் வீட்டுக்காரர் சாலமோன் பெரிய வீரர் ஒன்றும் இல்லை. மாமனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதல் இலையில் போய் உட்கார்ந்து, "வைங்க பாய்" என்றார். பாய் வைத்தார். அடுத்த இலைக்காரர் சரி என்று தலையை ஆட்டினார். அதற்கடுத்தவர் இலையைப் பின்னுக்கு இழுத்தார். பாய் அவரைத் தாண்டிப் போனார். எழுந்து நின்றவர்களில் ஒருவர் உட்கார்ந்தார். இன்னொருவர் குப்புராஜோடு வாசலுக்குப் போனார், வேன் சாவியை ஆட்டிக்கொண்டே.

குப்புராஜ் வாசலில் நின்று மனைவியைக் கூப்பிட்டார். அஞ்சம்மாள் பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். கட்டி வந்த நாளிலிருந்து புருஷன் பேச்சைத் தட்டாதவர் என்று பெயரெடுத்தவர். பாய் அவர் இலைக்கு முன்னால் வந்து நின்றார். குப்புராஜ் இரண்டாம் முறை கூப்பிட்டார். அஞ்சம்மாள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. பாய் வைத்த உப்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"பத்தல பாய்" என்று இலையைத் தள்ளிக் காட்டினார். "இன்னும் கொஞ்சம் வைங்க."